கோல் விழும்போது எழுந்து நிற்பவர்கள்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மவுண்ட் ரோஸ்கில்லில் அநேகமாக எந்த வீட்டிலும் விளக்கு எரியாது. கதிர்காமநாதன் வீட்டில் எரியும். ஆக்லாந்துக் குளிர்காலத்தில் அது இன்னும் விடியாத பொழுது. அயர்லாந்திலோ வெள்ளிக்கிழமை மாலை ஏழே முக்கால். ட்ரம்கார்ன் டவுன் என்ற கால்பந்துக் கழகம் அங்கே மைதானத்தில் இறங்கும்போது, இங்கே நாதன் கழுத்தில் பச்சை ஸ்கார்ஃப்பைச் சுற்றிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். மனைவி புஷ்பவதி போர்வைக்குள் இருந்தபடியே, "கோல் விழுந்தாலும் மெதுவாக் கத்துங்கோ" என்பாள். அவருக்குக் கத்த வாய்ப்புக் கிடைப்பது அரிது. ட்ரம்கார்ன் அப்படியொன்றும் கோல் போட்டுக் குவிக்கிற கழகமல்ல.

நாதன் அந்த ஊருக்குப் போனது கால்பந்துக்காக அல்ல. இலங்கையில் போர் முடிந்த மறுவருடம் அயர்லாந்தில் அடைக்கலம் கேட்டவரை, ட்ரம்கார்ன் ஊரின் ஓரத்தில் இருந்த பழைய ஹோட்டல் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே அவரைப்போல அறுபது பேர். வேலை செய்ய அனுமதியில்லை. சமைக்கவும் அனுமதியில்லை. தட்டில் எது விழுகிறதோ அதைச் சாப்பிட்டுவிட்டு, கடிதத்துக்காகக் காத்திருப்பதுதான் நாள் முழுக்க வேலை. கால்பந்துக் கழகத்துக்காரர்கள் ஹோட்டலில் இருப்பவர்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று சொல்லியனுப்பியபோது, வேறு போக்கிடம் இல்லாமல்தான் முதல்தடவை போனார். அன்று மழை. கம்பி வேலியோரம் ஒருவருடைய சக்கர நாற்காலி சேற்றில் புதைந்து நின்றது. நாதன் போய்த் தள்ளிவிட்டார். அதில் இருந்தவர் டெக்லன். தபால்காரராக இருந்தவர், கூரையின் மழைநீர்ப் பீலியைச் சரிசெய்யப் போய் விழுந்ததிலிருந்து நாற்காலி. "அடுத்த வெள்ளியும் வருவாயா?" என்று கேட்டார். நாதன் நான்கு வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த நாற்காலியைத் தள்ளினார்.

அந்த நாட்களில்தான் கழகத்தின் முதலாளி கைவிட்டு ஓட, ரசிகர்களே அதைப் பொறுப்பேற்றார்கள். அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. டெக்லன் நாதனின் பெயரையும் கொடுத்து அட்டை வாங்கித் தந்தார். மத்தியானம் சோறா உருளைக்கிழங்கா என்பதைக்கூடத் தீர்மானிக்க முடியாதிருந்த ஒரு மனிதருக்கு, ஒரு கழகத்தின் தலைவரைத் தீர்மானிக்க வாக்கு. பிறகு விசா கிடைத்து, புஷ்பவதியைக் கட்டி, அவள் ஏற்கெனவே தாதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆக்லாந்துக்கு வந்து பதினொரு வருடமாகியும், அவர் அந்த அங்கத்துவத்தை விடவில்லை.

சனிக்கிழமைகளில் பிளாட் புஷ்ஷிலிருந்து காரில் வந்து பக்கத்தில் உட்காருபவன் ஆதவன். மதுரைக்காரன், முப்பத்து நான்கு வயது, கட்டட வரைபடம் போடுகிற வேலை. அயர்லாந்தில் இரண்டு வருடம் படித்தவன். படித்த ஊர் ஆர்ட்கில். அதாவது ட்ரம்கார்னின் ஜென்ம எதிரியான ஆர்ட்கில் யுனைடெட்டின் ஊர். சூப்பர்மார்க்கெட் வாசலில் நாதனின் பச்சை ஸ்கார்ஃப்பைப் பார்த்து, "அய்யோ பாவம்" என்று தமிழில் சொல்லிவிட்டு நடந்தவனை நாதன் துரத்திப்போய்ப் பிடித்தார். அப்படித் தொடங்கிய சினேகம்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ட்ரம்கார்ன் அன்றைக்கும் தோற்றது. ஆனால் நாதன் முகம் வாடவில்லை. மடிக்கணினியைத் தூக்கி ஆதவனின் மடியில் வைத்தார்.

"இதைப் பாரும் தம்பி. எங்களுக்குப் புது ஸ்டாண்ட் வருது."

ட்ரம்கார்னின் மைதானமான மில் லேனில் பழைய தகரக்கூரை ஸ்டாண்டை மூன்று வருடத்துக்கு முன்பே பாதுகாப்பில்லை என்று பூட்டிவிட்டார்கள். இப்போது அரசாங்க மானியம் கிடைத்திருந்தது. எண்ணூறு இருக்கைகள், மழை படாத கூரை, ஒழுங்கான கழிப்பறைகள். வரைபடங்களை அங்கத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். அடுத்த வியாழன் கூட்டம். அங்கே சரியென்றால் மாதக் கடைசிக்குள் மானிய அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

"எண்ணூறு சீட்டா? ரசிகர்களுக்கு எங்கண்ணே போவீங்க?" என்று சிரித்தபடி ஆதவன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். குறை கண்டுபிடித்துக் கிண்டலடிக்கும் நோக்கம்தான் அவனுக்கு. ஸ்டாண்டைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் படம் ஒன்றில் நின்றான். சிரிப்பும் நின்றது.

"வீல்சேர்காரங்களுக்கு எங்க இடம் கொடுத்திருக்காங்கன்னு பார்த்தீங்களா?"

"ஓம், நடுவில. ஆறு பேருக்கு. கூரைக்குக் கீழ. நல்ல இடமெல்லோ?"

"முன்னாடி அஞ்சு வரிசை இருக்குண்ணே." ஆதவன் மேசையில் கிடந்த மின்சார பில்லைத் திருப்பி, படிக்கட்டு மாதிரி ஐந்து வரிசையை வரைந்தான். பின்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் இருப்பவரின் கண்ணிலிருந்து மைதானத்துக்கு ஒரு கோடு. "எல்லாரும் உக்காந்திருந்தா இந்தக் கோடு தலைக்கு மேல போயிடும், நல்லாத் தெரியும். இப்ப முன்னாடி இருக்கறவன் எழுந்திரிக்கறான்." வரிசையில் இருந்த மனிதனை நிற்கும் மனிதனாக மாற்றி வரைந்தான். கோடு போய் அவன் முதுகில் முட்டியது. "இப்ப?"

நாதன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கால்பந்துல எப்பண்ணே எல்லாரும் எழுந்திரிப்பாங்க? பந்து கோல்கிட்ட போறப்ப. தொண்ணூறு நிமிஷமும் உங்க டெக்லன் நல்லாப் பார்ப்பார். கோல் விழற அந்த ஒரு செகண்ட் மட்டும் பார்க்க மாட்டார்."

அன்று காலையே நாதன் டெக்லனுக்கு அழைத்தார். அங்கே வெள்ளி இரவு பத்தரை மணி. தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார். டெக்லன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியும் நாதன். படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. விட்டுவிடு. இந்த மானியத்துக்கு நம் தலைவர் ஒர்லா மூன்று வருடம் அலைந்திருக்கிறாள். என் ஒருவனுக்காக அது தள்ளிப்போக வேண்டாம். கூரை கிடைக்கிறதே, அது போதும். பழகிக்கொள்வேன்."

"வேலியோரம் இருந்தபோது நீ ஒரு கோலையும் தவறவிட்டதில்லையே."

"வேலியோரம் எனக்கு முன்னால் யாரும் இல்லை." டெக்லன் சிரித்தார். "மற்ற ஊர்களில் எல்லாம் இப்படித்தான். ஆர்ட்கில்லுக்கு இதுவரை பதினோரு தடவை போயிருக்கிறேன். அங்கே ஒரு கோலையும் நான் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன்."

ஆதவன் தலையைத் தூக்கினான். இரண்டு வருடம் அந்த மைதானத்தில் ஒவ்வொரு கோலுக்கும் துள்ளி எழுந்தவன் அவன். தனக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று திரும்பிப் பார்த்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. அழைப்பு முடிந்ததும், வரைந்த தாளை எடுத்து இன்னொரு தடவை பார்த்தான். பிறகு எழுந்து காரிலிருந்து தன் மடிக்கணினியை எடுத்து வந்தான்.

"அக்கா, மத்தியானச் சாப்பாடு எனக்கும் சேர்த்துப் போடுங்க. வேலை இருக்கு."

மூன்று மணிக்குள் ஒரு மாற்றுப் படம் தயாரானது. சக்கர நாற்காலிகளுக்கான மேடையை அரை மீட்டர் உயர்த்தி, அதற்கு நேர் முன்னால் உள்ள ஒரு வரிசையை எடுத்துவிட வேண்டும். நாற்காலி ஏறும் சாய்தளத்தை ஒரு பக்கமாக வளைத்து நீட்ட வேண்டும். இருபத்தாறு இருக்கைகள் போகும். முன்னால் எத்தனை பேர் எழுந்தாலும் கோடு தலைக்கு மேலாகவே போகும்.

நாதன் அதை அங்கத்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, தன் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினார். ஞாயிறு காலை எழுந்து பார்த்தபோது எழுபது பதில்கள். சிலர் நல்ல கேள்வி என்றிருந்தார்கள். அநேகம் பேர் பயந்திருந்தார்கள். இப்போது படத்தை மாற்றினால் மானியம் கைநழுவிப் போகாதா? ஃபின்பார் என்பவர் பயப்படவில்லை, கோபப்பட்டிருந்தார். "வருடத்துக்கு ஒரு ஆட்டத்துக்குக்கூட வராதவர், நியூசிலாந்தில் வெயில் காய்ந்துகொண்டு எங்கள் ஸ்டாண்டைக் கெடுக்க வேண்டாம்."

நாதன் அதை இரண்டு தடவை வாசித்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோட்டத்துக் கதவருகே போய் நின்றார். ஃபின்பாரை அவருக்கு நன்றாகத் தெரியும். வேலியோரம் பக்கத்தில் நின்றவர்தான். ஒரு கிறிஸ்மஸுக்கு ஹோட்டலில் இருந்த அறுபது பேருக்கும் கம்பளிக் கையுறை கொண்டுவந்து கொடுத்தவர்.

"அவர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு," என்றார் புஷ்பவதியிடம். "நான் ஆர்? பதினெட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால இருந்து…"

புஷ்பவதி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் அவளுக்கு முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் வார்டு.

"என்ர வார்டில ஒருத்தரும் தனக்கு இது வேணும் எண்டு வாய்விட்டுக் கேக்க மாட்டினம்," என்றாள், சப்பாத்தைப் போட்டபடி. "'பரவாயில்லை, பழகிடும்' எண்டுதான் சொல்லுவினம். அதைக் கேட்டிட்டு நாங்கள் பேசாமல் போனால், அது அப்பிடியே இருந்திடும். உங்களுக்கு அங்க வாக்கு இருக்கோ இல்லையோ?"

"இருக்கு."

"அப்ப கதையுங்கோ. டெக்லனிட்ட ஒருக்காக் கேட்டிட்டுக் கதையுங்கோ."

அவர் கேட்டார். "நீ அங்கத்தவன். உனக்குத் தோன்றுவதைச் சொல்லு. ஆனால் என்னைப் பாவப்பட்டவனாக ஆக்கிவிடாதே, சரியா?" என்றார் டெக்லன்.

கூட்டம் அங்கே வியாழன் மாலை ஏழரைக்கு. ஆக்லாந்தில் வெள்ளி காலை ஆறரை. நாதனுக்கு அன்று ஏழரைக்கு வேலை. மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வழக்கத்துக்கு முன்பே கிளம்பிப் போய், கிடங்கின் கார் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, தொலைபேசியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தார். பக்கத்து இருக்கையில் ஆதவன். எதிரிக் கழகத்தின் கூட்டத்தைக் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவன், திரையில் பள்ளிக்கூட மண்டபம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

வெளியூர் அங்கத்தவர்களுக்கான கணினியை மண்டபத்தின் கடைசியில், ஒரு சின்ன மேசையில் வைத்திருந்தார்கள். ஆகவே நாதனுக்கு வரிசை வரிசையாகத் தலைகளும், அவற்றுக்கு அப்பால் மேடையில் தலைவர் ஒர்லாவும் தெரிந்தார்கள். கணினிக்குப் பக்கத்திலேயே, நடைபாதை ஓரமாக டெக்லனின் சக்கர நாற்காலி. டெக்லன் திரும்பிக் கையசைத்தார்.

ஒர்லா பள்ளி ஆசிரியை. விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். மாற்றுப் படம் ஒன்று வந்திருக்கிறது. கட்டடக் கலைஞர் அதைப் பார்த்துவிட்டார். செய்யலாம் என்கிறார், ஆனால் நேரம் மிகக் குறைவு. பிறகு ஃபின்பார் எழுந்தார். முதல் கோபம் ஆறியிருந்தது, பயம் ஆறவில்லை. "மூன்று வருடமாக நாம் மழையில் நிற்கிறோம். யாருக்கும் கெடுதல் செய்ய எனக்கு மனமில்லை. இப்போதைய படத்திலும் டெக்லனுக்கு இடம் இருக்கிறது, கூரை இருக்கிறது. அதைக் கட்டி முடிப்போம். குறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." பலர் கைதட்டினார்கள்.

"நாதன், ஆக்லாந்திலிருந்து," என்றாள் ஒர்லா.

எழுதி வைத்திருந்த தாள் அவர் மடியில் இருந்தது. ஆதவன் போட்டுக்கொடுத்த அளவுகள், கோணங்கள், விதிகள் எல்லாம் அதில் இருந்தன. அவர் தாளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். தலைகளுக்கு மேலாக ஒர்லாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது.

"ஒரு உதவி கேட்கலாமா?" என்றார். "மைதானத்தில் நமக்குப் பெனால்டி கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறாவது நிமிடம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள், தயவுசெய்து."

மண்டபத்தில் சலசலப்பு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒர்லா கையால் சைகை காட்டினாள். நாற்காலிகள் உராய, நூறு பேருக்கு மேல் எழுந்தார்கள். நாதனின் தொலைபேசித் திரை முழுக்க முதுகுகள். கறுப்புக் கோட்டு, சாம்பல் கோட்டு, ஒரு பச்சைச் சட்டை. மேடையைக் காணோம்.

"எனக்கு இப்போது ஒர்லாவைத் தெரியவில்லை," என்றார் நாதன். "டெக்லன், உனக்குத் தெரிகிறதா?"

"எனக்குத் தெரிவது ஃபின்பாரின் கால்சட்டைப் பின்பக்கம்," என்றார் டெக்லன். "தையல் விட்டிருக்கிறது."

மண்டபமே சிரித்தது. காருக்குள் ஆதவனும் சிரித்துவிட்டான். சிரிப்புச் சத்தத்தோடு ஃபின்பார் திரும்பிப் பார்த்தார். டெக்லனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஃபின்பார் சிரிக்கவில்லை. எழுந்து நின்ற எல்லோருக்கும் கீழே, இடுப்பு உயரத்தில் இருந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. அவர் நடைபாதைக்கு வந்து, டெக்லனின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, மேடைப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து என்ன தெரிகிறது என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.

"நாங்கள் கோலுக்கு எழுந்து நிற்காமல் இருக்க முடியாது," என்றார் நாதன். "அதை யாரும் கேட்கவில்லை. எழுந்து நிற்கத்தான் வேண்டும். நாற்காலியில் இருப்பவர்களுக்கும் அந்த ஒரு நொடி வேண்டும் என்பதுதான். வேறொன்றும் இல்லை." தாளில் இருந்த மீதி எதையும் அவர் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் உட்காரவில்லை. பிறகு தரையிலிருந்து எழுந்த ஃபின்பார், "ஒர்லா, அந்த மாற்றுப் படத்துக்கு எத்தனை நாள் வேண்டும்?" என்று கேட்டார். பத்து நாள் என்றாள். "நமக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறதே. அப்படியானால் நேரத்தை ஏன் வீணாக்குகிறோம்?"

கைகள் உயர்ந்தன. எதிராகப் பதினாறு. ஆதரவாக உயர்ந்தவற்றை ஒர்லா இரண்டு தடவை எண்ணவேண்டியிருந்தது. கார் கண்ணாடி முழுக்க மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆதவன் நாதனின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். ஜென்ம எதிரி என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவன் நினைவில் இல்லை.

"அண்ணே, அழுறீங்களா?"

"இல்லையடாப்பா. ஹீட்டர் காத்து." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மணியைப் பார்த்தார். ஏழு இருபத்தெட்டு. கதவைத் திறந்து கிடங்கை நோக்கி ஓடினார்.

மானிய அலுவலகம் மாற்றத்தை ஏற்றுக்கொள்ள ஐந்து வாரமானது. அந்த ஐந்து வாரமும் நாதன் சரியாகத் தூங்கவில்லை. தன்னால் எல்லாம் கெட்டுப்போனால் எந்த முகத்தோடு அந்த ஊர்க்காரர்களிடம் பேசுவது என்ற கவலை. ஒரு புதன்கிழமை ஃபோர்க்லிஃப்ட்டில் இருந்தபோது ஒர்லாவின் செய்தி வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். அதுமட்டுமல்ல, கட்டடக் கலைஞர் ஆதவனின் சாய்தளத்தை இன்னும் சற்று மாற்றி, ஆறு பேருக்குப் பதிலாகப் பத்துப் பேருக்கு இடம் கண்டிருந்தார். நாதன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, என்ன விஷயம் என்று கேட்ட தொங்கா நாட்டு மேற்பார்வையாளரிடம் முழுக்கதையையும் சொன்னார். அவருக்குக் கால்பந்து பிடிக்காது, ரக்பிதான். ஆனாலும் கடைசிவரை கேட்டுவிட்டு, நாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அக்டோபரில் அத்திவாரம் போட்டார்கள். நவம்பரில் ஒருநாள் டெக்லன் ஒரு சிறிய வீடியோ அனுப்பினார். வேலையாட்கள் இரும்புச் சட்டகத்தில் மேடையின் உயரத்துக்குப் பலகை போட்டு, டெக்லனை அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். தலைக்கவசம் போட்ட பதினைந்து பேர் அவருக்கு முன்னால் வரிசையாக எழுந்து நின்றார்கள். "தெரிகிறதா?" என்று கத்தியது ஃபின்பாரின் குரல். "இரண்டு கோல்கம்பமும் தெரிகிறது," என்றார் டெக்லன். "புல்லு கொஞ்சம் வெட்ட வேண்டும்."

ஆதவன் அதை நாதன் வீட்டுக் கூடத்தில் வைத்து நான்கு தடவை போட்டுப் பார்த்தான். பிறகு தன் தொலைபேசியில் வேறொன்றை எடுத்து, கொஞ்சம் கூச்சத்தோடு நீட்டினான். ஆர்ட்கில் யுனைடெட்டுக்கு அவன் எழுதிய கடிதம். அவர்களுடைய ஸ்டாண்டைப் பற்றி, பழைய புகைப்படங்களிலிருந்து கணக்கிட்டு வரைந்த படத்துடன். இரண்டு மாதமாகப் பதில் இல்லாமல் இருந்து, அன்று காலை வந்திருந்தது. இரண்டே வரி. இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. நிர்வாகக் குழுவுடன் நீங்கள் நேரில் பேச முடியுமா?

"நேரிலயாம்ண்ணே. நான் எங்க இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியல."

"தெரியாட்டி என்ன? போனால் போச்சு," என்றார் நாதன். புது ஸ்டாண்டின் திறப்பு ஆட்டம் மே மாதத்தில். கிடங்கில் இரண்டு வாரம் லீவு கேட்டு அன்றைக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். "என்னோட வாரும். ரெண்டு ஊரும் ஒரு மணித்தியாலத் தூரம்தானே."

"ட்ரம்கார்ன் ஸ்டாண்டுல போய் நான் உக்காரணுமா?"

"உக்காரத் தேவையில்லை," என்றார் நாதன். "எங்கட ஆக்கள் கோல் போட்டால் எழும்பி நிண்டால் போதும்."

சமையலறையிலிருந்து புஷ்பவதி எட்டிப் பார்த்தாள். "மூண்டு டிக்கெட்டாப் போடுங்கோ," என்றாள். "அந்த டெக்லனை நானும் ஒருக்காப் பாக்க வேணும்."